வாரண்டிச் சீட்டும் ஸீட் பெல்ட்டும்

கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் போய்வந்த சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "ஒரு கார் வாங்கிடலாமா?" என்று என்னவர் கேட்டபோது சரியென்றேன். புதுசுக்கு வசதியில்லை, பழசுதான். அதற்கும் என் இரட்டைவடச் சங்கிலியை விற்க வேண்டும். அதனால் வண்டி பார்க்க நானும் வருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வண்டிகள் அமைந்தன. ஒன்று, பழைய கார் விற்கும் கடையில். பளபளவென்று, ஒரு வருஷ வாரண்டியோடு. இன்னொன்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. மூன்று வயசு கூடுதல், கதவில் கீறல், வாரண்டி கிடையாது. ஆனால் சர்வீஸ் பில்லெல்லாம் ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார்.

"வாரண்டி தர்றாங்களே, இன்னும் என்ன யோசனை?" என்றார் அவர். நான் சீட்டை வாங்கிப் படித்தேன். (மளிகை பில்லையே இரண்டு தரம் படிக்கிறவளாச்சே!) இன்ஜின், கியர்பாக்ஸுக்கு மட்டும்தான் பொறுப்பு. கிளட்ச், பிரேக், பாட்டரி, டயர் எதுவும் சேர்த்தியில்லை. தண்ணீர் புகுந்த பழுதுக்கும் கிடையாது. சர்வீஸை அவர்களிடமே விடவேண்டும், தவறினால் உள்ளதும் போச்சு.

'தண்ணீர்' என்ற சொல் உறுத்தியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் அடித்துக்கொண்டு போனதை டி.வி.யில் பார்த்தோமே! அத்தனையுமா காயலான் கடைக்குப் போயிருக்கும்?

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ஒரு வித்தை சொல்லியிருந்தார். "ஸீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாரும்மா. வெளியில இருக்கிறதைக் கழுவிடுவாங்க, உள்ளே சுருண்டிருக்கிறதை மறந்துடுவாங்க." இழுத்தேன். முழம் முழமாக வந்த பட்டையின் அடியில், புளித்தண்ணீர் காய்ந்த மாதிரி பழுப்புக் கோடு! ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியில் மாவு போல் வண்டல். ஸீட் ஓடும் தண்டவாளத்தில் துரு. இப்படி நனைந்த வண்டி இன்றைக்கு ஜோராக ஓடும். ஒயர் முனைகள் மெள்ள அரித்து, ஆறு மாசம் கழித்து ஒவ்வொன்றாகக் கழுத்தறுக்கும். அப்போது வாரண்டிச் சீட்டை வடாம் காயவைக்க விரிக்கலாம்.

ஆசிரியர் வீட்டுக்கு விடியற்காலையிலேயே போனோம். பானெட்டைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. முன்கூட்டியே சூடேற்றி வைத்த இன்ஜினில் ஸ்டார்ட் ஆகிற கஷ்டம் தெரியாது, அதற்குத்தான். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், வரவில்லை. ஆயில் மூடிக்குள் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், அதுவும் இல்லை. எங்கள் ஊர் உப்புக் காற்றாச்சே என்று அடிப்பக்கத் துருவையும் பார்த்தோம். மேம்பாலம் ஏறும்போது மட்டும் இன்ஜின் உறுமியதே தவிர வேகம் கூடவில்லை. "கிளட்ச் ரொம்ப நாள் தாங்காது" என்றார் அண்ணன். அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம்.

ஆர்.சி.யில் பாங்க் கடன் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கினோம். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

குறைத்த பணத்தை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். நாலாம் மாசம் மாம்பாக்கம் அருகே கிளட்ச் கைவிட்டது. குழந்தை பின்ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பில்லுக்கு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மீதி கொஞ்சம் இருக்கிறது. அடுத்தது பாட்டரி என்கிறார் அண்ணன்.