அழுகாத சரக்கு யாருக்கு லாபம்?

தென்பெண்ணைக் கரையிலுள்ள சோரியாங்குப்பத்துச் சிறு விவசாயி வாழைத்தாரை வெட்டினாலும் காய்கறியைப் பறித்தாலும் உடனே விற்றாக வேண்டும். நாளை அழுகிவிடுமே என்ற பயம்தான் வியாபாரியின் பலம். விலை விழுந்தால் முதல் அடி விவசாயத் தொழிலாளியின் கூலியில் விழுகிறது.

அழுகலைத் தடுக்க விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் மெல்லிய உறை செய்யலாம். அது கிருமிகள் பெருகாமல் தடுக்கும். பிளாஸ்டிக்கைப் போலன்றி மண்ணில் மக்கிவிடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2012 முதல் இலங்கை, கனடா விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, செடிகொடிகளில் இயற்கையாக உள்ள ஹெக்சனாலைக் கொண்டு மாம்பழத்தை விரைவில் கெடாமல் காக்கும் ஆராய்ச்சி நடத்தியது. வாழைநாரில் செய்த பொதியுறையும் அதில் ஆராயப்பட்டது.

இவை பொதுப் பணத்தில் பிறந்த அறிவு. இது பெருவியாபாரியின் கிடங்கோடு நின்றுவிட்டால் நடப்பதென்ன? அழுகாத சரக்கு பதுக்கல் சரக்காகும். வயலில் அடிமாட்டு விலை, ஆலைத் தொழிலாளி வாங்கும் கடையில் யானை விலை!

ஆகவே நாம் கோருகிறோம்: பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் இவ்வுறைகள் மலிவு விலையில் கிடைக்க வேண்டும். அவற்றைச் செய்யும் தொழிற்சாலையைப் புதுவை சர்க்காரே தொடங்க வேண்டும். 2020-ல் மூடப்பட்ட ஏ.எப்.டி. ஆலையில் வேலையிழந்த குடும்பங்களுக்கு அதில் முதலிடம் வேண்டும்.

விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேடையில் நின்று இதைக் கேட்கட்டும். சர்க்கார் செவிசாய்த்தே தீரவேண்டும்!