2050 வரை பொறுக்க மாட்டோம்



கால்வேயிலிருந்து ஸ்லைகோவுக்குச் சாலை வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். அயர்லாந்தின் மேற்குக் கரையிலேயே இருக்கும் இரண்டு ஊர்கள். ரயிலில் போக வேண்டுமென்றால் நாட்டைக் குறுக்கே கடந்து டப்ளினுக்குப் போய், அங்கே ஸ்டேஷன் மாறி, மறுபடியும் மேற்கே திரும்பி வர வேண்டும். வாட்டர்ஃபோர்டிலிருந்து பக்கத்து வெக்ஸ்ஃபோர்டுக்குப் போகிறவருக்கும் இதே கதிதான். டானிகால், கேவன், மோனகன் கவுண்ட்டிகளில் பயணிகள் ரயிலே கிடையாது. தலைநகருக்குப் போகிறவருக்கு மட்டும் ரயில், மற்றவர்கள் கார் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் இத்தனை காலமும் நடக்கிற கொள்கை.

ஒரு பாதையை எப்படிச் சாகடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வாட்டர்ஃபோர்ட் - ரொஸ்லேர் பாதையைப் பாருங்கள். கடைசி ஆண்டுகளில் அதில் வாரநாளுக்கு ஒரே ஒரு ரயில்: காலையில் ரொஸ்லேரிலிருந்து புறப்படும், மாலையில் திரும்பும். வாட்டர்ஃபோர்டில் இருப்பவர் காலையில் வெக்ஸ்ஃபோர்டு பக்கம் வேலைக்குப் போக முடியாது. யாருக்கும் உதவாத நேரத்தில் ரயிலை ஓட்டிவிட்டு, யாரும் ஏறுவதில்லையே என்று கணக்குக் காட்டி, 2010 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். 1906-இல் திறந்த பாரோ ஆற்றுப் பாலம் இன்றும் நிற்கிறது. மேலே ரயில்தான் இல்லை.

இதே வைத்தியம் இப்போது லிமெரிக் ஜங்ஷன் - வாட்டர்ஃபோர்ட் பாதைக்கு நடக்கிறது. டிப்பரேரி, கேஹிர், குளோன்மெல் என்று நல்ல ஊர்களைத் தொட்டுப் போகும் பாதை. ஆண்டுக்கணக்காக நாளுக்கு இரண்டே ரயில். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. குளோன்மெல்லில் இருக்கும் ஒரு மாணவர் வார இறுதி முடிந்து ஞாயிறு மாலை விடுதிக்குத் திரும்ப வேண்டாமா? நாளைக்கு இந்தப் பாதையில் கூட்டமில்லை என்று ஓர் அறிக்கை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இப்போதே எழுதி வையுங்கள்: ரயில் விடாமல் கூட்டத்தைத் தேடுவது மோசடி.

லிமெரிக் - கால்வே பாதை நம் வெற்றி. எனிஸுக்கும் அதன்ரைக்கும் இடையே மூடிக்கிடந்த பகுதி 2010 மார்ச்சில் திறந்தது. ஆனால் திறந்ததோடு கை கழுவிவிட்டார்கள். 2017-இல் கோர்ட் ஊரிலிருந்து சூவம் வரை மோட்டார் சாலை வந்துவிட்டது. ரயில் மட்டும் இன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எங்கும் ஒற்றைப் பாதை. எதிர் ரயில் வந்தால் கிராசிங்குக்குக் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு பாலிகார் ஏரி! கன மழை பெய்த குளிர்காலங்களில் தண்ணீர் தண்டவாளத்தில் ஏறி, வாரக்கணக்கில் ரயில் நின்று, பேருந்து ஓடியிருக்கிறது. ஒருமுறை நடந்தால் இயற்கை. திரும்பத் திரும்ப நடந்தால் அதற்குப் பெயர் அலட்சியம்.

2024 ஜூலையில் டப்ளின், பெல்ஃபாஸ்ட் அரசுகள் இரண்டும் சேர்ந்து தீவு முழுமைக்குமான ரயில் திட்ட ஆய்வை வெளியிட்டன. 32 பரிந்துரைகள், சுமார் 36 பில்லியன் யூரோ செலவு. அதன்ரை - கிளேர்மோரிஸ் பாதை அதில் இருக்கிறது. வாட்டர்ஃபோர்ட் - வெக்ஸ்ஃபோர்ட் இணைப்பு இருக்கிறது. 1965-இல் மூடிய போர்ட்டடவுன் - டெரி பாதையும், லெட்டர்கென்னிக்குக் கிளையும் இருக்கின்றன. கிளேர்மோரிஸிலிருந்து ஸ்லைகோவுக்கு மட்டும் இல்லை. அதற்கான சண்டை தனி. 2021-இல் வந்த ஒரு மதிப்பீடு அதன்ரை - கிளேர்மோரிஸ் பாதைக்குப் பணம் போடுவது வீண் என்றது. மூன்றே ஆண்டில் அதே பாதை அரசின் பட்டியலில் ஏறிவிட்டது. இயேசு சபைப் பாதிரியார் மீஹால் மக்கிரேல் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டதால் வந்தது அது. 2023-இல் அவர் காலமானார். ஆய்வின் இறுதி அறிக்கையைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் பட்டியலின் கெடு 2050. இதில்தான் விஷயம் இருக்கிறது. இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நடுவயதை எட்டும்வரை பொறு என்கிறார்கள். ஏன் பொறுக்க வேண்டும்? டப்ளின் - பெல்ஃபாஸ்ட் ரயிலை 2024 அக்டோபரில் மணிக்கொன்றாக ஆக்கினார்களே, அதற்காகப் புதுப் பாதையா போட்டார்கள்? இருக்கிற தண்டவாளத்தில் அட்டவணையை மாற்றினார்கள். 1963-இல் வழக்கமான பயணிகள் ரயிலை நிறுத்திய கார்க் - மிடில்டன் பாதையை 2009-இல் திறந்தார்கள். பிறகு அதில் இரட்டைப் பாதை வேலையையும் கையில் எடுத்தார்கள். டப்ளினில் 1958-இன் கடைசி நாளில் மூடிய ஹார்கோர்ட் தெருப் பாதையில்தான் 2004 முதல் லுவாஸ் டிராமின் பச்சை வழித்தடம் ஓடுகிறது. அந்த நிலத்தின் பெரும்பகுதி கை நழுவாமல் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஆகவே நம் பழைய பாதை நிலம் ஓர் அடிகூடப் போகக் கூடாது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் பாதை போடலாம் என்று சொல்லும் நண்பர்களோடு நமக்குப் பகையில்லை. அத்லோன் - மலிங்கர் தடத்தில் மிச்சத் தண்டவாளத்தின் பக்கத்திலேயே சைக்கிள் பாதை ஓடுகிறது. அகலம் இருக்கும் இடத்தில் தாராளமாகப் போடட்டும். ஒற்றைப் பாதைக்கு மட்டும் இடமுள்ள தடத்தில் முதல் உரிமை ரயிலுக்கு. இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்போதே நடக்கக் கூடியதைக் கேட்போம். லிமெரிக் ஜங்ஷன் - வாட்டர்ஃபோர்ட் பாதையில் வேலை நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ரயில். லிமெரிக் - கால்வே பாதையில் இன்னும் சில கிராசிங் இடங்கள். பாலிகாரில் தண்ணீருக்கு நிரந்தர வழி. லிமெரிக் ஜங்ஷனில் கார்க் ரயில் வந்த பிறகு புறப்படும் இணைப்பு ரயில். அதன்ரை - கிளேர்மோரிஸ் வேலைக்கு ஆண்டு குறித்த ஒப்புதல்.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே உழைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு ஷிஃப்ட் முடித்துப் பேருந்துக்கு நிற்பவர்களில் நீங்களும் உண்டு. இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை; 18 வயது நிரம்பி இங்கே வசித்தால் போதும். பாதை நிலத்தைக் காப்பதா விடுவதா என்பது கவுண்ட்டி மன்றங்களின் வளர்ச்சித் திட்டங்களில் எழுதப்படுகிறது. வாக்காளர் பட்டியலில் இன்றே பெயரைச் சேருங்கள். உங்கள் கவுன்சிலரை நேரில் பார்த்து, ரயில் நிலத்தைக் காப்பாற்றக் கை தூக்குவாரா என்று கேளுங்கள். வரும் பதிலை எழுதி வாங்குங்கள். அடுத்த தேர்தல் 2029-இல்.