அரியலூருக்கு ஓர் அனலாக் ஆய்வகம்

பெரம்பலூர், அரியலூர் என்றால் மக்காச்சோளமும் சிமெண்டும் நினைவுக்கு வரும். இங்கே பொறியியல் கல்லூரிகளும் உண்டு. ஆனால் மின்னணுவியல் படித்த பலர் மென்பொருள் வேலைக்கே போகிறார்கள். பேட்டரி தரும் மின்னழுத்தத்தைச் செல்போனின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் மின்மேலாண்மைச் சிப்பை வடிவமைப்பது அவர்களுக்கு உகந்த தொழில் என்பேன். அனலாக் சிப் வடிவமைப்பின் பகுதியான இத்துறையில் அனுபவம் எளிதில் பழசாவதில்லை: 1976-ல் வந்த எல்எம்317 என்ற மின்னழுத்தச் சீராக்கிச் சிப் இன்றும் விற்பனையாகிறது. மிக நுண்ணிய, விலையுயர்ந்த தயாரிப்பு முறையும் பெரும்பாலும் தேவைப்படாது.

முதுநிலைப் படிப்பு வேண்டும், வேலை பெங்களூருவில்தான் என்பார்கள். பெருமளவு உண்மை; சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே அங்கு வந்துவிட்டது. ஆனால் அடித்தளத்தை ஊரிலேயே போடலாம். சென்னை ஐஐடியின் மின்மேலாண்மைச் சிப் பாடம் என்பிடெல் இணையதளத்தில் இலவசம். மின்சுற்றைக் கணினியில் சோதித்துப் பார்க்கும் என்ஜிஸ்பைஸ் மென்பொருளும் இலவசம். 130 நானோமீட்டர் சிப் வடிவமைப்புக்கான தரவுகளை கூகுளும் சிப் தயாரிப்பு நிறுவனமான ஸ்கைவாட்டரும் 2020-ல் பொதுவில் திறந்துவிட்டன. இனி தேவை, சுற்றை அளந்து பார்க்க நல்ல கருவிகளும் அதைக் கற்றுத்தரும் ஆசிரியரும். அரியலூரில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் அரசு இவை கொண்ட ஓர் அனலாக் ஆய்வகத்தைத் தொடங்க வேண்டும்.