பாதிரிமார் பெற்ற பிள்ளைகள்

கிறிஸ்தவப் பாதிரிமார் ஆப்பிரிக்காக் கண்டத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி வைத்தார்கள் என்று நாம் வெகு நாளாகக் கேட்டு வருகின்றோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தப் பாதிரிமார் தாங்கள் பெற்ற பிள்ளைகளை எங்கே, எப்படி வைத்தார்கள் என்கின்ற விஷயம் மாத்திரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி தேசத்தில் மாமு என்று ஓர் ஊர்; மலைப்பாங்கான இடம். அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ் என்னும் சபையார் தங்கள் மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1920களில் தொடங்கிய அது 1971இல் மூடப்பட்டது. பக்கத்துத் தேசங்களில் ஊழியம் செய்தவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் வந்தாக வேண்டும். ஆறு ஏழு வயதுக் குழந்தை! வருஷத்தில் ஏறக்குறைய 9 மாதம் தாய் தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாது.

வீட்டிலேயே வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுக்கக் கூடாதா என்றால், கூடாது. அனுப்பியே ஆக வேண்டும் என்பது சபையின் ஏற்பாடு. தாய்க்குப் பிள்ளைச் சுமை இருந்தால் ஊழியம் குறைந்து போகுமாம்!

இம்மாதிரிப் பள்ளிகள் அங்கு மாத்திரம் இருந்தன என்பதில்லை. கென்யாவில் கிஜாபே என்னுமிடத்தில் 1906இல் ஒன்று தொடங்கியது. 1909இல் அமெரிக்காவின் மாஜி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதன் கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். நமது கொடைக்கானலிலேயே 1901இல் அமெரிக்கப் பாதிரிமாரின் பிள்ளைகளுக்காக ஒன்று ஏற்பட்டது. மாமுவில் நடந்ததே எல்லா இடங்களிலும் நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. மாமுவில் நடந்தது விசாரணையில் வெளிவந்துவிட்டபடியால் அதைப் பற்றிச் சொல்லுகின்றோம்.

அங்கே படித்தவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, தாங்கள் பட்ட அடியையும், அவமானத்தையும், அதைவிடக் கேவலமான பலாத்காரத்தையும் வெளியில் சொன்னார்கள். சபையார் உடனே செவி கொடுத்துவிடவில்லை. வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அலுத்த பின்னரே வெளியார் அடங்கிய ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. பின்பு அதன் ரிப்போர்ட் வந்தது; பிள்ளைகள் சொன்னது மெய் என்று ஏற்பட்டது. சபைத் தலைவர்கள் மன்னிப்பும் கேட்டார்கள். அந்த மட்டில் அதை நாம் மறைப்பானேன்?

நிற்க, இவ்வளவு காலம் இது எப்படி மூடிக் கிடந்தது என்பதுதான் நம் கேள்வி. பிள்ளைகள் பெற்றோருக்கு எழுதிய கடிதங்களை மேற்பார்வையாளர்கள் படித்துப் பார்த்த பின்புதான் தபாலில் சேர்ப்பார்கள். அடி வாங்கிய குழந்தை "சுகமாயிருக்கிறேன்" என்று எழுத வேண்டியதுதானே! சரி, லீவுக்கு வீட்டுக்குப் போனபோதாவது சொல்லலாமே என்றால், அதற்கும் வாய்ப்பூட்டு தயாராய் இருந்தது. நீ முறையிட்டால் உன் தகப்பனார் ஊழியத்தை விட்டு வரவேண்டியிருக்கும். அவர் வந்துவிட்டால் அங்குள்ள ஆப்பிரிக்கர்கள் கர்த்தரை அறியாமல் நரகத்துக்குப் போவார்கள். அந்தப் பாவம் உன் தலையில் என்கின்ற எண்ணம் அந்தப் பிஞ்சு மனதில் புகுத்தப்பட்டிருந்தது. ஒரு கண்டத்து ஜனங்களின் மோட்சத்தை ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் கொண்டுபோய்க் கட்டின யோக்கியதையை என்னவென்பது! போலீசாருக்கும் பிரம்புக்கும் இல்லாத சக்தி இந்த நரகத்துக்கு இருந்தது.

எந்த ஹாஸ்டலிலும் அயோக்கியன் ஒருவன் புகுந்துவிடலாம், அதற்கு மதம் என்ன செய்யும் என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம், அயோக்கியன் எங்கும் புகுவான். ஆனால் மற்ற இடத்தில் அவனைப் பற்றிப் புகார் சொன்னால் அது அவன் மேல் புகார். இங்கேயோ அது கடவுள் காரியத்துக்கு விரோதம்! அவனுக்கு இதைவிட நல்ல கோட்டை வேறு எங்கே கிடைக்கும்?

பெற்றோரை நாம் கல் நெஞ்சர் என்று சொல்லமாட்டோம். அவர்களில் அநேகர் அழுதுகொண்டுதான் பிள்ளையை அனுப்பியிருப்பார்கள். ஆபிரகாம் தன் மகனைப் பலியிடத் துணிந்ததைப் புண்ணியக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள், அழுவதையும் புண்ணியமாகவே எண்ணியிருப்பார்கள். கதையில் கடைசி நிமிஷத்தில் தேவதூதன் வந்து கத்தியைத் தடுத்தான். மாமுவுக்கு ஒருவரும் வரவில்லை. கடைசியில் கமிஷன்தான் வந்தது. அப்பொழுது அந்தப் பிள்ளைகளில் பலருக்கு நாற்பது, ஐம்பது வயதாகியிருந்தது.