லாகூரிலிருந்து சென்ற இளைஞர்

வீடியோ விளையாட்டு என்றதும், பிள்ளையின் படிப்பு பாழாயிற்று என்று முகம் சுளிப்போர் நம்மில் பலர். அந்த அச்சம் நியாயமானதே. எனினும் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸலான் ஸித்தீக்கின் வரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

இருவர் திரையில் மோதும் ‘டெக்கன்’ என்னும் சண்டை விளையாட்டே அவரது களம். அதில் ஓர் அடியின் வேகம், விநாடியை அறுபது கூறாக்கி அளக்கப்படுகிறது. எந்த அடிக்கு எந்தப் பதிலடி என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மனனமே செய்து வைத்திருக்கின்றனர். பரீட்சைப் பாடத்தை இப்படிப் படித்தால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது!

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் ‘ஈவோ ஜப்பான்’ போட்டி நடைபெற்றது. விசாவுக்கு அலைந்து, வழியில் பாகிஸ்தான் ரூபாயை மாற்றித் தருவாரின்றித் தவித்து, களைப்போடு போய்ச் சேர்ந்தார் அர்ஸலான். அங்கு அவரை அறிந்தோர் சிலரே. ஆயினும் பட்டம் அவருக்கே கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், கொரியாவின் புகழ்மிக்க ஆட்டக்காரர் பே ஜே மின்னையும் இறுதியாட்டத்தில் வென்றார். 2023லும் 2024லும் அதே நகரில் மீண்டும் வாகை சூடினார்.

ஜப்பானில் வென்றபோது, தமக்கு நிகரானோர் தம் நாட்டில் இன்னும் பலர் உள்ளனர் என்றார். பணிவுரை என்றே பலரும் எண்ணினர். பே ஜே மின்னோ பாகிஸ்தானுக்கே பயணமானார். வெளியுலகம் பெயர்கூடக் கேட்டிராத இளைஞர்களிடம் அங்கே அவர் தோற்றார்.