அப்பாவோட இதயமும் என் பாய்லர் பாடமும்

இந்த வாரமும் ஹாஸ்டல் மெஸ்ஸைக் கலாய்க்கலாம்னுதான் உட்கார்ந்தேன். அதுக்குள்ள அம்மா போன். ‘தம்பி, அப்பாவுக்கு எக்கோ எடுத்தோம். இதயச் சதை தடிச்சிருக்காம்.’

ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினாங்க. இடது கீழறையோட சுவர் 13 மி.மீ. ஆம்பளைங்களுக்கு 10 வரைதான் நார்மல். பி.பி. மூணு தடவை பார்த்தும் 160/100.

அப்பாவோ செம கூல். ‘எனக்கு ஒண்ணும் பண்ணலைடா. மாத்திரையை ஆரம்பிச்சா விட முடியாது. உப்பைக் குறைச்சா போச்சு.’ டாக்டர் சீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்குது.

எனக்கு மெடிசின் தெரியாது பாஸ். ஆனா நான் மெக்கானிக்கல். பாய்லர் டிசைன் ஞாபகம் இருக்கா? உள்ளே பிரஷர் ஏறினா, ஸ்ட்ரெஸ் ஏறாம இருக்க சுவரைத் தடிமனாக்கணும். இதயமும் அதையேதான் பண்ணுது, ஒரு செம்கூட படிக்காம! வருஷக்கணக்கா கூடுதல் அழுத்தத்துக்கு எதிரா ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, சுவரைத் தடிமனாக்கிக்குது.

ஜிம் பாடி மாதிரி நல்லதுதானேன்னு கேக்காதீங்க. தடிச்ச சுவர் விறைப்பாயிடும். ரெண்டு துடிப்புக்கு நடுவுல தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கத் திணறும். அதுக்கு ஆக்ஸிஜனும் கூடுதலா வேணும். மாரடைப்பு, பக்கவாதம், ஹார்ட் ஃபெயிலியர் எல்லாத்துக்கும் ரிஸ்க் ஏறும். இத்தனையும் நடக்கும்போது ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா சொன்ன அதே ‘ஒண்ணும் பண்ணலை’!

அப்ப மாத்திரை வேணுமா? பி.பி. அதிகமா இருந்து சுவரும் தடிச்சிருந்தா வேணும். உப்பைக் குறைக்கிறது, நடக்கிறது எல்லாம் மாத்திரையோட சேர்த்து; மாத்திரைக்குப் பதிலா இல்லை. நல்ல சேதி என்னன்னா, பாய்லர் சுவர் தானா மெலியாது, இதயச் சுவர் மெலியும். 2002-ல் வெளியான ‘லைஃப்’ ஆய்வுல, பி.பி.யும் தடிப்பும் இருந்த 9,193 பேருக்கு லோசார்டான் இல்லேன்னா அட்டெனலால் கொடுத்துப் பார்த்தாங்க. ரெண்டுலயும் பி.பி. ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கிச்சு. ஆனா லோசார்டான் குரூப்ல தடிப்பு அதிகமா குறைஞ்சது, பக்கவாதமும் கம்மி.

அதுக்காகப் பக்கத்து வீட்டு அங்கிளோட மாத்திரையைக் கடன் வாங்கிடாதீங்க. பி.பி. நார்மலா இருந்தும் சுவர் தடிச்சிருந்தா கதையே வேற. வால்வு சுருக்கமா இருக்கலாம், பரம்பரைக் கோளாறா இருக்கலாம். 2003-ல் கேமரூன் ஃபுட்பால் வீரர் மார்க் விவியன் ஃபோ, லியோன் நகர்ல மேட்ச் நடுவுலயே சுருண்டு விழுந்து இறந்தார். வயசு 28. பிரேதப் பரிசோதனையில பரம்பரைத் தடிப்பு நோய்னு தெரிஞ்சது. அந்த நோய்ல ரத்தம் வெளியேறும் பாதை அடைபட்டிருந்தா, அம்லோடிபின் மாதிரி ரத்தக்குழாயை விரிக்கிற மாத்திரை நிலைமையை மோசமாக்கலாம்.

இதையெல்லாம் போன்ல அப்பாகிட்ட ஒரு மணி நேரம் கத்தினேன். பாய்லர் உதாரணம் எடுபடலை. ‘சுவர் திரும்ப மெலியும்பா’ன்னதும்தான் சைலன்ட் ஆனார். அப்புறம் கண்டிஷன் போட்டார்: ‘சரி, முழுங்குறேன். ஆனா நீயும் பி.பி. பாரு.’

காலேஜ் டிஸ்பென்சரிக்குப் போனேன். 134/86. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.