எது எடுத்தாலும் 499... ஆனா இது இல்ல சார்!

போன ஆடியில நடந்த கதை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு சோம்பேறித்தனத்துல தள்ளிப்போட்டுட்டே வந்தது. இன்னைக்கு மூட் இருக்கு, எழுதிடறேன்.

ஆடின்னா முகூர்த்தம் கிடையாது, ஜவுளிக்கடையில ஈ ஓட்டணும். தீபாவளி சரக்கு வர்றதுக்குள்ள பழசைக் காலி பண்ணியாகணும். அதுக்குத்தான் தள்ளுபடி. இதுல ஒண்ணும் தப்பில்ல, நியாயமான வியாபாரம்தான். எங்க விளாங்குடியில இருந்து பெரியார் போற பஸ்ல அந்த மாசம் ஞாயித்துக்கிழமை ஏறிப் பாருங்க, பாதி பஸ் மாசி வீதிக்கும் விளக்குத்தூணுக்கும்தான் போகும். நானும் தங்கமணியும் அந்தக் கூட்டத்துல ஐக்கியம்.

கடைப் பேரு வேணாம். எல்லாக் கடையும் ஒண்ணுதான். உள்ள நுழைஞ்சதும் மேல ஒரு பெரிய போர்டு தொங்குது: 'எது எடுத்தாலும் 499'. கீழ சட்டைக் குவியல். கிளறி, சண்டை போட்டு, ஒரு நீலச்சட்டை எடுத்தேன். பில் போடற இடத்துக்குப் போனா 899ங்குது மிஷின்.

"போர்டுல 499ன்னு இருக்கேம்மா?"

"அது இல்ல சார், அது கட்டம் போட்டதுக்கு மட்டும். இது ப்ளெயின். யாரோ மாத்திப் போட்டுட்டாங்க."

டேக்கைப் பார்த்தேன். ஒண்ணு மேல ஒண்ணா மூணு ஸ்டிக்கர். நகத்தால சுரண்டினா அடியில வேற வெலை. தொல்லியல் துறைக்காரங்களைக் கூப்பிட்டிருக்கலாம், கீழடி பக்கம்தான் :-)

சரி, எனக்கு 400 ரூபா. பின்னாடி பத்துப் பேரு உச்சு கொட்டிட்டு நிக்கிறாங்க, தங்கமணி முறைக்கிறாங்க, கார்டைத் தேய்ச்சிட்டு வந்துட்டேன். இந்தப் பதிவு என் சட்டைக்காக இல்ல. எனக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மாவுக்காக.

கிராமத்துல இருந்து வந்தவங்க போல. மகளுக்கோ மருமகளுக்கோ ரெண்டு சேலை, பேரனுக்கு ஒரு டிரெஸ். சுருக்குப்பையில காசு எண்ணி வெச்சிருந்தாங்க. போர்டைப் பார்த்து மனசுக்குள்ளயே கூட்டி, பஸ்ஸுக்கு எடுத்து வெச்சு, கணக்கா வந்து நிக்கிறாங்க. பில் ஐநூத்துச் சொச்சம் கூட வருது. அந்தப் பொண்ணு 'அந்த ஆஃபர் இதுக்கு இல்லம்மா'ன்னு சொல்லுது. அந்த அம்மா சண்டை போடல. 'நாந்தான் சரியாப் பாக்கலம்மா'ன்னாங்க. பேரன் டிரெஸ்ஸைத் தனியா எடுத்து ஓரமா வெச்சாங்க, மடிச்சு வெச்சாங்க. அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

தப்பு அவங்களோடதாம்! இதுதான் எனக்கு ஆத்திரம். போர்டை எழுதினவன் கடைக்காரன், சரக்கைக் கொட்டினவன் கடைக்காரன், ஏமாந்த வெக்கம் மட்டும் வாங்கறவனுக்கு. பில் போடற பொண்ணைத் திட்டியும் பிரயோஜனமில்ல. அது காலைல இருந்து நின்னுக்கிட்டே இதே பதிலை நூறு பேருக்குச் சொல்லியிருக்கும்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் நோண்டினேன். பாக்கெட்ல வர்ற சரக்குக்கு எம்ஆர்பி போடறது சும்மா இல்ல, 1990-ல இருந்து எல்லா வரியும் சேர்த்துப் போடணும்னு விதி. இப்ப இருக்கறது 2011-ம் வருஷத்து விதிகள். அதுபடி வெலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், ஏத்த ஒட்டக்கூடாது. குறைச்சு ஒட்டினாலும் கம்பெனி அச்சடிச்ச வெலையை மறைக்கக் கூடாது. எத்தனை கடையில பார்த்திருக்கீங்க?

இன்னொரு வித்தை, தள்ளுபடி போக வரி தனி. 1000 ரூபா சட்டை, 40 சதவீதம் தள்ளுபடின்னா 600 தானே? பில்லுல 5 சதவீதம் வரி போட்டு 630 வாங்குவாங்க. அப்ப தள்ளுபடி 37 தான் ஆச்சு. எம்ஆர்பிக்குள்ளயே வரி இருக்கும்போது எதுக்குத் தனியா? ஒரு பிரபல ஷூ கம்பெனி இப்படி 'ப்ளாட் 40' விளம்பரம் பண்ணி வரியைத் தனியா வாங்கி, கேஸ் டெல்லி தேசிய நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போச்சு. 2017 ஜனவரியில, இது முறையற்ற வணிகம்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. அப்ப இருந்தது வாட் வரி, அதே வருஷம் ஜூலையில ஜிஎஸ்டி வந்துச்சு. வரிக்குப் பேருதான் மாறுச்சு, வித்தை மாறல.

'50+20'ன்னு போடுவாங்க, அது 70 இல்ல மக்களே, 60. ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னா 33. 'வரை'ங்கிற வார்த்தையை எறும்பு சைஸ்ல எழுதறதைப் பத்தி நான் வேற சொல்லணுமா?

கடைக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறினப்ப பழைய சரக்குல புது வெலை ஒட்டறதுக்குள்ள அவங்க பட்ட பாட்டை நேர்ல பார்த்தேன். எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு சோப்புக்கு ரெண்டு வெலை சொல்லி முழிச்சாரு. ஆனா அண்ணாச்சி கடைசியில குறைஞ்ச வெலைக்குத்தான் கொடுத்தாரு. குழப்பம் வேற, குழப்பி விடறது வேற. பெரிய கடையில 'மாத்திப் போட்டுட்டாங்க' எப்பவும் அதிக வெலைப் பக்கமா மட்டுமே மாறுதே, அது எப்படி? 899 சட்டை 499-க்கு பில் ஆனதா யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

1915-க்கு போன் பண்ணலாம். மாவட்ட ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல. எல்லாம் சரி, சுருக்குப்பையோட நின்ன அந்த அம்மா 500 ரூபாய்க்கு எங்கிட்டுப் போவாங்க? போர்டுல எழுதின வெலைக்கே பில் போடுன்னு அங்கயே, அந்த வரிசையிலயே கேக்கணும். நான் கேட்டிருக்கணும். பின்னாடி நின்ன பத்துப் பேரும் கேட்டிருக்கணும். நாங்க உச்சு கொட்டிட்டு நின்னோம்.

டிஸ்கி: நீலச்சட்டை ரெண்டாவது தண்ணியில வெளுத்துப்போச்சு. தங்கமணி அதை இப்ப டிவி துடைக்க வெச்சிருக்காங்க.